எலிக்கு மருந்து கொடுக்க முதல் அதன் கூட்டைப் பாருங்கள்

இறுதி வருட ஆய்வுக்கு எலி எடுக்கப்போகிற தம்பி தங்கச்சிமார் வந்து கேட்கிற கேள்விகள் எனக்கு இப்போது மனப்பாடம். எத்தனை எலி வேண்டும், எத்தனை மில்லிகிராம் கொடுப்பது, எந்தச் சோதனை சுகமானது. எலி எங்கே, யாரோடு, எதன்மேல் படுக்கப்போகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என்னுடைய முறை வந்தபோது நானும் கேட்கவில்லை. அதில் ஏழு மாதம் போனது.

நடந்தது இதுதான். மட்டக்களப்பில் சீற் கூரை போட்ட ஒரு சின்ன அறை. வல்லாரைச் சாறு கொடுத்தால் எலியின் பதற்றம் குறையுமா என்று பார்க்கிறேன். ஆறு கூடு, கூட்டுக்கு மூன்று எலி. சாறு கொடுத்த மூன்று கூடும் இராக்கையின் கீழ்த்தட்டில், வெறும் தண்ணீர் கொடுத்த மூன்றும் மேல்தட்டில். ஏன் அப்படி வைத்தேன் என்றால், ஊசிக்குழாய்ப் பெட்டியும் சாறும் கீழே இருந்தன, கை எட்ட வசதி, அவ்வளவுதான். ஆறு கிழமை கழித்து எலிகளைப் பிளஸ் மேஸில் விட்டேன். தெரியாதவர்களுக்கு: தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் கூட்டல் குறி மாதிரி நாலு கை, இரண்டு கைக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டுக்கும் இல்லை, எலியை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் பார்ப்பது. பயந்த எலி சுவருக்குள் பதுங்கும். பயம் குறைந்தது வெளிக்கைக்கு வரும். சாறு குடித்த என் எலிகள் கல்லடிப் பாலத்தில் பின்னேரம் காற்று வாங்குகிற ஆட்கள் மாதிரி வெளிக்கையில் உலாவின. தண்ணீர் குடித்தவை மூலையை விட்டு அசையவில்லை. நான் கட்டுரையின் தலைப்பைக்கூட யோசித்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் எண்களைப் பார்த்தார், பிறகு எழும்பி வந்து அறையைப் பார்த்தார். மேல்தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் ரியூப் லைட். "புது எலி எடுத்து, ரெண்டு குழுவையும் மேலும் கீழும் கலந்து வைச்சு இன்னொருக்கா செய்யும்" என்றார். செய்தேன். வித்தியாசம் ஏறக்குறையக் காணாமல் போய்விட்டது. முதல் தடவை நான் அளந்தது வல்லாரையை அல்ல, ரியூப் லைட்டை.

ஆகவே கூட்டையும் ஒரு மருந்தாக எண்ணிக்கொள்ளுங்கள், எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியாமல் இரவும் பகலும் கொடுத்துக்கொண்டிருக்கிற மருந்து. கீழே சொல்வதெல்லாம் அந்த மருந்தின் அளவை எப்படிப் பிடிப்பது என்பதுதான். நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வராமல் ஒரு எலியைக்கூட வாங்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அந்த விண்ணப்பத்தில் வளர்ப்பு நிலைமை பற்றிய பகுதியை மற்றவரின் விண்ணப்பத்தைப் பார்த்துப் பிரதி பண்ணாமல் உங்கள் அறையைப் பார்த்து எழுதுங்கள்.

எலி வர முதல் ஒரு கிழமை: வெறும் அறை

முதல் வேலை, எலி இல்லாத அறையை ஒரு கிழமை அளப்பது. கூடிய, குறைந்த வெப்பநிலை இரண்டையும் நினைவில் வைக்கும் வெப்பமானி ஒன்று, ஈரப்பதமானி ஒன்று. இரண்டும் சேர்ந்தே ஒரு கருவியாகக் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. அதைச் சுவரில் மாட்டாதீர்கள். எலி சுவரில் தொங்கப்போவதில்லை. கூடு வைக்கப்போகிற உயரத்தில், மேல்தட்டில் இரண்டு நாள், கீழ்த்தட்டில் இரண்டு நாள், சன்னல் பக்கம், கதவுப் பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து எழுதுங்கள்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டி எலிக்குச் சொல்வது 20 முதல் 26 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம். எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் சீற் கூரைக்குக் கீழே பகல் இரண்டு மணிக்கு எவ்வளவு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எலிக்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. மயிரில்லாத வாலின் வழியாகத்தான் பெருமளவு சூட்டை வெளியேற்றும், அதுவும் போதாவிட்டால் எச்சிலை உடம்பில் பூசிக்கொள்ளும். சூடு ஏறினால் சாப்பாட்டைக் குறைக்கும், கூட்டின் தரையில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும், நடமாட்டம் குறையும். அந்த நேரத்தில் திறந்தவெளிச் சோதனையில் (வெறும் பெட்டிக்குள் விட்டு எவ்வளவு நடமாடுகிறது என்று எண்ணுவது) விட்டுவிட்டு "நடமாட்டம் குறைவு, ஆகவே மருந்துக்கு மயக்கும் குணம் உண்டு" என்று எழுதினால் அது எலியின் பிழையா?

ஏசி இருந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: இரவில் அதை யார் நிறுத்துகிறார்? நான் பார்த்த ஒரு இடத்தில் காவலுக்கு நிற்கிறவர் மின்கட்டணம் மிச்சம் என்று நல்ல மனதோடு ஒவ்வொரு இரவும் நிறுத்திக்கொண்டிருந்தார், ஆறு மாதம் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கூடிய-குறைந்த வெப்பமானிதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

மாரி காலம் வேறு விதம். கார்த்திகை, மார்கழியில் கூட்டுக்குள் படுக்கையாகப் பரப்புகிற உமி காயாது, சிறுநீர் ஊறிய உமியில் பக்டீரியா யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். கதவைத் திறந்தவுடன் உங்கள் கண் எரிகிறது என்றால், மூக்கைத் தரையோடு வைத்து வாழ்கிற எலியின் நிலைமையை யோசியுங்கள். அமோனியா கூடினால் மைக்கோபிளாஸ்மா போன்ற சுவாச நோய்கள் மோசமாகும், மூச்சு வாங்குகிற எலி, வழி தேடி ஓடவேண்டிய சிக்கலறைப் பாதையில் நன்றாக ஓடாது. மாரியில் உமி மாற்றும் நாட்களைக் கூட்டுங்கள், ஆனால் எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரிக் கூட்டுங்கள்.

வெளிச்சம்

12 மணித்தியாலம் வெளிச்சம், 12 மணித்தியாலம் இருட்டு. எல்லோரும் ஆய்வறிக்கையில் எழுதுகிற வசனம் இது, ஆனால் விடிய ஆறரைக்கு யார் வந்து லைட் போடுகிறார் என்று கேட்டால் முழிப்பார்கள். மின்சாமான் கடையில் ரைமர் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். பிறகு இரவு ஒரு நாள் உள்ளே போய் லைட்டை நிறுத்தி, பத்து நிமிடம் கண் பழகும்வரை நின்று பாருங்கள். வளவு லைட்டின் வெளிச்சம் சன்னல் கண்ணாடியால் விழுகிறதா, கதவின் கீழால் நடையறை வெளிச்சம் வருகிறதா, ஏசியின் பச்சைப் புள்ளி எந்தக் கூட்டுக்கு நேரே இருக்கிறது என்றெல்லாம் அப்போதுதான் தெரியும். எலி இரவில் வாழ்கிற பிராணி, அதன் இரவில் கசிகிற மெல்லிய வெளிச்சம்கூட அதன் நாளைக் குழப்பும்.

நாங்கள் பாவிப்பது பெரும்பாலும் விஸ்டார் வெள்ளை எலி. 1906இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிலையத்தில் தொடங்கிய இனம். கண்ணில் நிறமி இல்லை, அதனால்தான் கண் சிவப்பு. வெளிச்சத்தைத் தடுக்க அதற்குத் திரை கிடையாது, நெடுநாள் பலத்த வெளிச்சத்தில் இருந்தால் விழித்திரை கெட்டுவிடும். பார்வை குறைந்த எலியை, தண்ணீருக்குள் மறைந்த மேடையை நீந்தித் தேடவேண்டிய நீர்ச் சிக்கலறையில் விட்டு, சுவரில் ஒட்டிய அடையாளத்தைப் பார்த்து மேடையைக் கண்டுபிடிக்கவில்லை, ஞாபகம் மோசம் என்று எழுதுவது பெரிய அநியாயம். மேல்தட்டுக்கு மேலே ஒரு மட்டையைப் படுக்கவைத்து மறையுங்கள். கூட்டுக்குள் எலி ஒதுங்க ஒரு இருட்டு மூலை கொடுங்கள். அந்த இரண்டும் செலவில்லாதவை.

கரண்ட் போனால்? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டிய நாட்களும் இருந்தன. அந்த வருடம் ஆய்வு செய்தவர்களின் எலிகளுக்கு எது இரவு எது பகல் என்று எலிக்கே தெரிந்திருக்காது. இப்போது அவ்வளவு இல்லை, ஆனாலும் ரைமர் வகையைப் பார்த்து வாங்குங்கள். பற்றரி இல்லாத சாதாரண ரைமர் கரண்ட் போன நேரம் அப்படியே நின்று, வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடும். இரண்டு மணித்தியால வெட்டு மூன்று தடவை வந்தால் உங்கள் எலியின் விடியல் நண்பகலுக்குப் போய்விடும். கரண்ட் வந்தவுடன் முதலில் ரைமரைப் பாருங்கள், மற்றதெல்லாம் மறுகா பார்க்கலாம்.

எத்தனை எலி, எவ்வளவு இடம்

தனியாக வைக்காதீர்கள். இதை இப்படிக் கட்டளையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 21 நாளில் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் கூட்டில் வளர்த்த எலி வேறு பிராணி மாதிரி வளர்கிறது. புது இடத்தில் விட்டால் அளவுக்கு மீறி ஓடும், புதுச் சாமானைக் கண்டால் ஒதுங்கும், மற்ற எலியோடு மோதும், திடீர்ச் சத்தத்துக்கு அது திடுக்கிடும் விதமே மாறிவிடும். மூளைநோய் ஆய்வில் சிலர் வேண்டுமென்றே இப்படி வளர்ப்பதும் உண்டு, அவ்வளவு பலமான விளைவு அது. நீங்கள் சும்மா கூடு மிச்சமிருந்ததால் ஒன்றொன்றாகப் போட்டால், அதே விளைவு உங்கள் ஆய்வுக்குள் சொல்லாமல் வந்து உட்காரும்.

கூட்டுக்கு இரண்டோ மூன்றோ நல்லது. ஆண் சுண்டெலிகள் சண்டை பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், எலிகள் அப்படியில்லை. சின்னதிலிருந்து ஒன்றாக வளர்ந்த ஆண் எலிகள் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தூங்கும். ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இராக்கையில், முடிந்தால் வெவ்வேறு அறையில் வையுங்கள். அறுவை செய்த எலி, ஒவ்வொன்றும் எவ்வளவு தின்கிறது என்று அளக்க வேண்டிய எலி என்று தனியாக வைத்தே ஆகவேண்டிய சந்தர்ப்பம் வந்தால், எல்லாக் குழுவையும் அதே நாட்களுக்குத் தனியாக வையுங்கள். மருந்துக் குழுவை மட்டும் தனித்துவிட்டு மற்றதைக் கூட்டமாக வைத்த ஆய்வை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இடத்துக்கு மேலே சொன்ன வழிகாட்டியின் கணக்கு நிறைப்படி போகிறது. 300 கிராம் வரையான எலிக்குத் தலைக்குச் சுமார் 187 சதுர சென்ரிமீற்றர், 400 வரை 258, 500 வரை 387. உயரம் குறைந்தது 17.8 சென்ரிமீற்றர். 258 என்பது ஒரு ஏ4 தாளின் பாதிக்கும் குறைவு, வெட்டிவைத்துப் பார்த்தால் மனம் கொஞ்சம் சங்கடப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதி கூடு எவ்வளவு சின்னதானாலும் 800 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது என்கிறது. இவையெல்லாம் ஆகக் குறைந்த அளவுகள். வளர்ந்த ஆண் எலி பின்காலில் முழுக்க நிமிர்ந்தால் 18 சென்ரிமீற்றர் கூட்டில் தலை இடிக்கும். நிமிர்ந்து மோப்பம் பிடிப்பதைத்தான் நீங்கள் பிறகு திறந்தவெளிச் சோதனையில் எண்ணப்போகிறீர்கள்.

புதியவர்கள் தவறவிடுவது, எலி வளர்கிறது என்பதை. தொடங்கும்போது 220 கிராம் எலி மூன்றுக்கு 561 சதுர சென்ரிமீற்றர் கூடு சரி. இரண்டு மாதத்தில் அதே மூன்றும் 300ஐத் தாண்டிவிடும், அப்போது 774 வேண்டும். கடைசி நாளின் நிறையை வைத்துக் கூடு வாங்குங்கள்.

கம்பிவலைத் தரை வேண்டாம். கழுவச் சுகம், உண்மைதான், ஆனால் பாதம் புண்ணாகும், தெரிவு கொடுத்தால் எலிகள் படுக்கக் கெட்டித் தரையைத்தான் தெரிந்தெடுக்கும். பாதம் நோகிற எலி குறைவாக நடக்கும், சூட்டுத்தட்டு வலிச் சோதனையில் (சூடான தட்டில் விட்டு எவ்வளவு நேரத்தில் பாதத்தைத் தூக்குகிறது என்று பார்ப்பது) அதன் எண் எதைக் காட்டும் என்று நீங்களே யோசியுங்கள்.

உமியும் மரத்தூளும்

இந்த விசயத்தில் எங்களுக்குக் கொடுப்பினை. அம்பாறைப் பக்கம் நெல் ஆலைகளில் உமி மலைபோல் கிடக்கிறது, மட்டக்களப்பிலும் தட்டுப்பாடில்லை, இலங்கையில் எலி ஆய்வு செய்கிற பலரும் உமிதான் போடுகிறார்கள். ஆனால் ஆலையில் கிடக்கிற உமியில் வயல் எலி ஓடியிருக்கும், சிறுநீர் கழித்திருக்கும். எலிக்காய்ச்சல் எப்படி வருகிறது என்று வயல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். வெயிலில் காயப்போட்டு, தூசு புடைத்து, ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கருவி) வைத்து எடுத்த பிறகுதான் கூட்டுக்குள் போடுங்கள். புடைக்காத உமித் தூசு எலியின் மூக்குக்கும் கெடுதி, உங்கள் மூக்குக்கும்.

மரத்தூளில் ஒரு பொறி இருக்கிறது, மருந்தியல் செய்கிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1960களில் கண்டுபிடித்தது: தேவதாரு, பைன் போன்ற மணமுள்ள மரச் சீவலில் வளர்ந்த எலி, சுண்டெலிகளுக்குத் தூக்க மருந்து கொடுத்தால் சீக்கிரம் எழும்பிவிடுகின்றன. மரத்திலிருந்து ஆவியாகிற பொருட்கள் ஈரலின் நொதியங்களைத் தூண்டிவிட, மருந்து வேகமாகச் சிதைந்துபோகிறது. படுக்கையை மாற்றினாலே மருந்தின் அளவு மாறியது மாதிரி. தளபாடப் பட்டறையில் அள்ளிவருகிற தூளில் என்ன மரம், என்ன பூச்சிமருந்து, என்ன வார்னிஷ் என்று பட்டறைக்காரருக்கே தெரியாது. நடுவழியில் உமி முடிந்துபோய் ஒரு கிழமை மரத்தூள் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஆய்வு முடியும்வரை தேவையான உமியை ஒரே தடவையில் ஒரே ஆலையில் எடுத்து மூட்டை கட்டி வையுங்கள்.

கூட்டுக்குள் என்ன போடலாம்

எலியின் வெட்டுப்பல் சாகும்வரை வளரும், கடிக்க ஏதாவது வேண்டும். ஒளிய ஒரு இடம் வேண்டும். கூடு கட்ட ஏதாவது வேண்டும். மேல்நாட்டு விலைப்பட்டியலில் சிவப்புப் பிளாஸ்டிக் வீடெல்லாம் விற்கிறார்கள். எங்களுக்கு வெட்டிய பீவீசீ குழாய்த்துண்டு, பூச்சு இல்லாத மரக்கட்டை, கிழித்த வெள்ளைத் தாள், ஒரு பக்கம் வாசல் வெட்டிய சிரட்டை போதும். சிரட்டை நான் கண்ட அளவில் எலிகளுக்கு மிகப் பிடிக்கும், குட்டி எலி உள்ளே புகுந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ஆய்வே மறந்துபோகும். தும்பை நன்றாகச் சுரண்டி எடுங்கள், நீளத் தும்பு காலில் சுற்றிக்கொள்ளும். வளர்ந்த எலிக்குச் சிரட்டை காணாது, அதற்குக் குழாய்.

இது செல்லம் கொடுப்பதற்காக மட்டும் சொல்வதல்ல. கனடாவில் டொனால்ட் ஹெப் சில எலிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டு வளர்த்தார், அவை ஆய்வுகூடக் கூட்டில் வளர்ந்தவற்றைவிடச் சிக்கலறைச் சோதனையில் கெட்டித்தனம் காட்டின என்று 1947இல் அறிவித்தார். 1960களில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் ரோசென்ஸ்வைக், பென்னெட், டயமண்ட், கிரெக் ஆகியோர் ஒரே தாயின் குட்டிகளைப் பிரித்து, சிலதை விளையாட்டுச் சாமானும் கூட்டாளிகளும் உள்ள பெரிய கூட்டிலும் சிலதை வெறும் கூட்டில் தனியாகவும் வளர்த்தார்கள். மூளையை எடுத்து நிறுத்தபோது முதல் குழுவின் மூளைப் புறணி கனத்திருந்தது, தடித்திருந்தது. கூட்டின் வித்தியாசம் தராசில் தெரிந்தது.

"ரட் பார்க்" கதை உங்களுக்கு ஏற்கனவே யாராவது அனுப்பியிருப்பார்கள். 1970களின் கடைசியில் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்ஸாண்டரும் கூட்டாளிகளும் சாதாரணக் கூட்டைவிட ஏறத்தாழ 200 மடங்கு பெரிய ஒரு இடத்தில் ஆணும் பெண்ணுமாகப் பல எலிகளை விட்டார்கள். தனிக்கூட்டு எலிகள் மோர்பின் கலந்த இனிப்புத் தண்ணீரை விரும்பிக் குடித்தன, பார்க் எலிகள் பெரும்பாலும் வெறும் தண்ணீர்ப் பக்கமே போயின. அழகான கதை, ஆனால் பிறகு திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே "எல்லாம் சூழல்தான்" என்று முன்னுரையில் முழங்காதீர்கள். கூடு மாறினால் போதைப்பொருள் ஆய்வின் விடை மாறலாம், அந்த மட்டோடு நிறுத்துங்கள்.

சிரட்டையும் குழாயும் போட்டால் எலிக்கு எலி வேறுபாடு கூடி எண்கள் சிதறிவிடுமே என்று ஒரு பயம் இருக்கிறது, சில பெரியவர்களும் சொல்வார்கள். 2004இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு ஆய்வு மூன்று ஆய்வுகூடங்களில் சுண்டெலிகளை வைத்து இதைத்தான் பார்த்தது, அப்படிச் சிதறவில்லை. எல்லாக் கூட்டுக்கும் ஒரே சாமானைப் போட்டால் சரி.

சத்தமும் மணமும்

எங்களுக்கு 20 கிலோஹேர்ட்ஸோடு காது முடிந்துவிடும். எலிக்கு 80 கிலோஹேர்ட்ஸ் அளவுக்குக் கேட்கும். ஆகவே "அறை அமைதியாக இருந்தது" என்று நீங்கள் எழுதுவது உங்கள் காதுக்கு மட்டும் உண்மை. திறப்புக்கோர்வையைக் குலுக்கிப் பாருங்கள், தூங்குகிற கூடு முழுக்க ஒரே நேரத்தில் தலை தூக்கும். திறந்துவிட்ட தண்ணீர்க் குழாய், சில பழைய லைட்டுகள், கணினித் திரைகள் எல்லாம் எங்களுக்குக் கேட்காத கீச்சொலியை எழுப்பும். பயந்த எலி தானும் 22 கிலோஹேர்ட்ஸில் கத்தும், உங்களுக்குக் கேட்காது, பக்கத்துக் கூட்டுக்குக் கேட்கும். எலியைக் கொல்வதோ இரத்தம் எடுப்பதோ மற்ற எலிகள் இருக்கிற அறையில் செய்யக் கூடாது என்பதற்கு இரக்கத்தோடு சேர்த்து இதுவும் ஒரு காரணம்.

வெளிச்சத்தம் பற்றி உள்ளூர்க் குறிப்பு ஒன்று. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கினால் குளிர்த்தி முடியும்வரை உடுக்கும் பறையும் ஒலிபெருக்கியும்தான். அதை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை, மனமும் இல்லை, நானே போய் நிற்பேன். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாட்களில் சோதனை வைக்காதீர்கள். பக்கத்தில் கட்டட வேலை என்றாலும் அப்படித்தான்.

மணத்தில் முதல் எதிரி பூனை. வளவில் திரிகிற பூனை சன்னல் கட்டில் வந்து படுத்துவிட்டுப் போனாலே போதும், உள்ளே எலிகள் உறைந்துபோய்விடும். வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் உடுப்பு மாற்றி வெளிச்சட்டை போட்டுப் போங்கள். இரண்டாவது எதிரி, நாங்கள் ஆம்பிளைகள். சிரிக்காதீர்கள். 2014இல் மக்கில் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி மோகில் குழு வெளியிட்டது: ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தால், அல்லது ஆண் போட்டுக் கழற்றிய ரீசேட் மட்டும் இருந்தாலும், எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மன அழுத்தம் ஏறி வலி உணர்வு அடங்கிவிடுகிறது. பெண்ணின் மணத்துக்கு அப்படியில்லை. ஆகவே திங்கள் முதல் புதன் வரை தங்கச்சியும், வியாழன், வெள்ளி தம்பியும் என்று முறை போட்டு வலிச் சோதனை செய்தால் கதை கந்தல். தொடங்கியவரே முடிக்க வேண்டும், முடியாவிட்டால் ஒவ்வொருவரும் எல்லாக் குழுவிலும் சம அளவு எலியைச் சோதிக்க வேண்டும், யார் எதைச் செய்தார் என்றும் எழுத வேண்டும்.

எலி வந்த பிறகு

கொழும்பிலிருந்து வருகிற எலி 300 கிலோமீற்றருக்கு மேல் வான் வண்டியில் குலுங்கி வருகிறது. வந்த அன்றே குழு பிரித்து மருந்து தொடங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். குறைந்தது ஒரு கிழமை சும்மா விடுங்கள். சாப்பிடுகிறதா, நிறை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு தங்கச்சி ஒருநாள் விடிய ஓடிவந்தாள், எலிக்குக் கண்ணாலும் மூக்காலும் இரத்தம் வருகிறது என்று. ஈர ரிஷூவால் துடைத்துக் காட்டினோம். அது இரத்தமில்லை, கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வருகிற சிவப்பு நிறப்பொருள், போர்பிரின். எலிக்கு நோய், குளிர், பயம், பயணக் களைப்பு என்று ஏதோ ஒன்று இருக்கிறது என்பதன் அடையாளம். ஒரு கூட்டில் மட்டும் தொடர்ந்து கண்டால் அந்தக் கூட்டில் ஏதோ பிழை. அவளுடைய கூட்டின் தண்ணீர்ப் போத்தல் முனை அடைத்திருந்தது.

இரண்டாம் கிழமை கையில் எடுத்துப் பழக்குங்கள். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், வால் தோல் உரிந்துவரும். நெஞ்சுக்குக் கீழே கையைக் கொடுத்து, பின்பக்கத்தை மற்றக் கையால் தாங்கி எடுங்கள். ஒவ்வொரு எலிக்கும் நாளுக்கு இரண்டு மூன்று நிமிடம், ஒரே ஆள், ஒரே நேரம், எல்லாக் குழுவுக்கும். முதல் நாள் மலம் கழிக்கும், சிறுநீர் கழிக்கும். நாலாம் நாள் சட்டைக் கைக்குள் புகப் பார்க்கும். பழகாத எலியில் நீங்கள் அளப்பது பெரும்பாலும் உங்கள் கையின் பயத்தைத்தான்.

இராக்கையும் கணக்கும்

என் ஏழு மாதத்தைத் தின்ற விசயம் இது. ஒவ்வொரு தட்டிலும் எல்லாக் குழுவின் கூடும் இருக்கும்படி சீட்டுக் குலுக்கி வையுங்கள். உமி மாற்றுகிற நாளில் ஒவ்வொரு கூட்டையும் ஒரு இடம் நகர்த்தி வையுங்கள். கூட்டுச் சீட்டில் 'மருந்து', 'கட்டுப்பாடு' (ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாமல் வைக்கிற குழு) என்று எழுதாமல் எண் மட்டும் போட்டு, எந்த எண் எந்தக் குழு என்ற தாளைக் கூட்டாளியிடம் கொடுத்துப் பூட்டி வையுங்கள், பிளஸ் மேஸின் முன்னால் உட்கார்ந்து எண்ணுகிறவருக்குத் தெரியவே கூடாது.

புள்ளிவிபரவியலாளரிடம் திட்டு வாங்க முதல் இதையும் கேளுங்கள். குடிதண்ணீரில் மருந்து கலந்து கூடு முழுவதற்கும் கொடுத்தால், நாலு கூட்டில் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு எலி என்றாலும் உங்கள் எண்ணிக்கை நாலுதான். ஒரு கூட்டுக்காரர் ஒரே வெளிச்சம், ஒரே உமி, ஒரே சண்டைக்காரனைப் பகிர்ந்துகொள்கிறார்கள், தனித்தனி ஆட்கள் இல்லை. ஒவ்வொரு எலிக்கும் தனித்தனியாக வாயால் கொடுத்து, ஒரே கூட்டுக்குள் இரண்டு குழுவையும் கலந்து வைக்க முடிந்தால் நல்லது, வாலில் பேனையால் கோடு போட்டு அடையாளம் வைக்கலாம். ஆனால் எலி எலியின் மலத்தைத் தின்னும், அதனால் மருந்து கை மாறக்கூடும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

சோதனை நாள்

முந்தின நாளும் அன்றும் உமி மாற்றாதீர்கள். புது உமியில் தன் மணம் இல்லாமல் எலி மணிக்கணக்காக மோப்பம் பிடித்துத் திரியும். கூட்டோடு சோதனை அறைக்குக் கொண்டுவந்து அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம், அசையாமல் வையுங்கள். ஆண்கள் சோதனை செய்வதென்றால், எலி உங்கள் மணத்துக்குப் பழக, அந்த நேரம் முழுக்க நீங்களும் அங்கேயே உட்காருங்கள். கட்டுப்பாட்டுக் குழுவைக் காலையிலும் மருந்துக் குழுவைப் பின்னேரத்திலும் செய்யவே கூடாது, மாறி மாறிப் போகவேண்டும். ஒரே கூட்டிலிருந்து முதலாவதாக எடுத்த எலியும் மூன்றாவதாக எடுத்த எலியும் ஒன்றல்ல, மற்ற இரண்டும் போய்வந்த கலவரத்தை மூன்றாவது பார்த்துக்கொண்டிருந்தது, ஆகவே எடுக்கிற வரிசையையும் குலுக்குங்கள். ஒவ்வொரு எலிக்கும் இடையில் மேஸை நீர்த்த அற்ககோலால் துடைத்து மணம் போகக் காயவிடுங்கள்.

கொப்பி

ஆய்வறிக்கைகளில் "எலிகள் நியம நிலைமைகளில் பராமரிக்கப்பட்டன" என்று ஒரு வசனம் வரும். நியமம் என்றால் எது? 1999இல் 'சயன்ஸ்' இதழில் கிராப், வால்ஸ்டன், டூடெக் மூவரும் ஒரு வேலை செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் ஓல்பனி, போர்ட்லண்ட், கனடாவில் எட்மன்டன், மூன்று ஆய்வுகூடங்களில் ஒரே சுண்டெலி இனங்கள், ஒரே வயது, ஒரே கருவிகள், ஒரே நாளில் தொடக்கம் என்று முடிந்தமட்டும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினார்கள். அப்படியிருந்தும் சில சோதனைகளில் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் விடை வேறு. அவர்களுக்கே அப்படியென்றால் சீற் கூரைக்குக் கீழே இருக்கிற எங்களுக்கு? கூட்டின் நீளம் அகலம் உயரம், கூட்டுக்கு எத்தனை எலி, என்ன உமி, எத்தனை நாளுக்கொருமுறை மாற்றியது, கூட்டுக்குள் என்ன போட்டது, லைட் எத்தனை மணிக்கு எரிந்து எத்தனை மணிக்கு அணைந்தது, கூடிய குறைந்த வெப்பநிலை, சோதனை நேரம், சோதித்தவர் ஆணா பெண்ணா, எல்லாவற்றையும் எழுதுங்கள். விலங்கு ஆய்வு அறிக்கையில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்கிற, 2010இலிருந்து இருக்கிற அரைவ் (ARRIVE) வழிகாட்டிப் பட்டியலை இணையத்தில் எடுக்கலாம், 2020இல் புதுப்பித்திருக்கிறார்கள், இதழ்கள் பலவும் அதைத்தான் கேட்கின்றன.

நான் வேலை செய்த அறையில் எலி பார்த்த ஐயா அந்தப் பட்டியலைக் கண்டதேயில்லை. ஆனால் இராக்கைக்குப் பக்கத்தில் ஒரு சீஆர் கொப்பியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்க தம்பி, மறுகா எலியில பழி போடாதீங்க" என்பார். என்னுடைய இரண்டாவது தடவைச் சோதனையில் ஒரு நாள் எண்கள் மட்டும் மற்ற நாட்களோடு ஒட்டாமல் நின்றன, எவ்வளவு யோசித்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் கொப்பியை எடுத்து அந்தத் திகதியைப் புரட்டினேன். நீலப் பேனையில் எழுதியிருந்தார்: "விடிய 4 மணிக்குக் கரண்ட் போய் 7க்கு வந்தது. ஏசி வேலை செய்யல்ல. 3ஆம் கூட்டுப் போத்தல் ஒழுகி உமி நனைஞ்சது, மாத்தினேன். வெள்ளைப் பூனை பின் சன்னலில் இருந்தது, கலைச்சேன், திரும்பியும் வந்தது."